முதலில் ஓட்டைகளை எண்ணுங்கள்

ஏப்ரல் இரண்டாம் வாரம். டொரண்டோவின் கிழக்கே, ஸ்கார்பரோவின் மண்மேடுகள் செங்குத்தாக இறங்கும் இடத்தில், ஒன்டாரியோ ஏரிக்கரையில் ஒரு படகுத்துறை. தண்ணீரில் ஒரு படகும் இல்லை. எல்லாம் கரையேறி, இரும்புத் தொட்டில்களில் நிமிர்ந்து உட்கார்ந்து, அக்டோபரில் போர்த்திய தார்ப்பாய்க்குள் தூங்குகின்றன. நிழல் விழுந்த மூலைகளில் அழுக்குப் பனி இன்னும் கரையவில்லை. இன்னும் மூன்று வாரத்தில் பாரந்தூக்கி வரும். ஒரே நாளில் அத்தனை படகையும் ஏரியில் இறக்கிவிட்டுப் போய்விடும். அதற்குள் ஒவ்வொருவரும் தன் படகைத் தயார் செய்தாக வேண்டும்.

என் நண்பர் ஒருவருக்கு 27 அடி நீளத்தில் ஒரு பாய்மரப் படகு இருக்கிறது. 1970-களில் இதே ஏரியின் எதிர்க்கரையில், நயாகரா-ஆன்-த-லேக் ஊரில் சி அண்ட் சி என்ற நிறுவனம் கட்டிய கண்ணாடியிழைப் படகு. ஏறத்தாழ இரண்டரை டன் எடை. அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு அடியில் தொங்கும் ஈயக் கீல். நண்பர் வல்வெட்டித்துறைக்காரர். அந்த ஊரில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938-ல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம்வரை போய்ச் சேர்ந்தது என்பதை, யாரும் கேட்காமலே, வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்வார். உதவிக்கு வா என்று கூப்பிட்டார். நான் மெருகு பூசும் பசையும் நல்ல பருத்தித் துணியுமாகப் போய் நின்றேன்.

“தம்பி, மினுக்கிறதைப் பிறகு பாக்கலாம். முதலிலை ஓட்டையளை எண்ணும்.”

நான் படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் எடுக்கும் துளை ஒன்று. கழிப்பறைக்குத் தண்ணீர் எடுக்க ஒன்று, வெளியேற்ற ஒன்று. (ஒன்டாரியோவில் கழிவை ஏரியில் விடக்கூடாது. அந்த வால்வு பூட்டியே கிடக்கும். ஆனாலும் ஓட்டை ஓட்டைதான்.) பாத்திரம் கழுவும் தொட்டியின் வடிகால் ஒன்று. உட்காரும் பள்ளத்தில் விழும் மழைநீர் வடிய இரண்டு. வேகம் காட்டும் சிறு சக்கரத்துக்கு ஒன்று. ஆக ஏழு என்றேன். பத்து என்றார். ஆழமானியை, புரொப்பெல்லர் தண்டை, சுக்கான் தண்டை நான் ஓட்டையாகவே நினைக்கவில்லை.

படகு என்றால் தண்ணீர் புகாத ஒரு கிண்ணம் என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் அந்தக் கிண்ணத்தைக் கட்டி முடித்த கையோடு, அதன் சொந்தக்காரனே துரப்பணத்தை எடுத்து அடியில் பத்து இடத்தில் துளைத்துவிடுகிறான். பிறகு காலமெல்லாம் அந்தப் பத்தையும் காவல் காக்கிறான். ஒன்றரை அங்குலக் குழாய் ஒன்று நீர்மட்டத்துக்கு ஓரடி கீழே கழன்றுவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிடத்துக்கு நூறு லிட்டருக்குக் குறையாமல் உள்ளே வரும். அரை மணி நேரத்தில் மூன்று டன். அந்தப் படகின் எடையைவிட அதிகம். பாறையில் மோத வேண்டாம், புயல் வேண்டாம். துறையில் கட்டிக் கிடக்கும்போதே, ஆள் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், சத்தமில்லாமல் அடியில் போய் உட்கார்ந்துவிடும்.

குளிர்காலத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு? ஏரியின் நடுப்பகுதி ஆழம் அதிகம் என்பதால் எளிதில் உறைவதில்லை. ஒதுக்கமான துறைகள் உறையும். அதைவிடப் பெரிய ஆபத்து படகுக்குள்ளேயே ஒளிந்திருக்கும் தண்ணீர். பெரும்பாலான திரவங்கள் குளிரக் குளிரச் சுருங்கும். தண்ணீரும் 4 டிகிரிவரை சுருங்குகிறது. அதற்குக் கீழே போனால் மனம் மாறி விரியத் தொடங்குகிறது. உறையும்போது கொள்ளளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடிவிடுகிறது. ஒரு வால்வின் வயிற்றுக்குள் இரண்டு கரண்டித் தண்ணீர் தங்கிவிட்டால் போதும். ஜனவரி இரவு ஒன்றில் அது வெண்கலத்தைக்கூடப் பிளந்துவிடும். பிளந்தது ஏப்ரலில் தெரியாது, கரையில் நிற்கும் படகு ஒழுகாதே. தண்ணீரில் இறக்கிய பிறகுதான் தெரியும்.

ஆகவே இலையுதிர் காலத்தில் குழாய்களை வடித்துவிட்டு, இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு திரவத்தை ஊற்றி வைப்பார்கள். புரொப்பிலீன் கிளைக்கால். கார்களில் ஊற்றும் எத்திலீன் கிளைக்காலைப் போல இது நஞ்சு இல்லை என்பதால் குடிநீர்த் தொட்டியிலும் விடலாம். பாட்டிலில் பெரிதாக மைனஸ் 50 என்று போட்டிருப்பார்கள். அதுவரை உறையாது என்று பலர் நம்புகிறார்கள். அதற்கு வெகு முன்பே அது கூழாகிவிடும். ஆனால் கெட்டிப்பட்டு விரிந்து குழாயை உடைக்காது, அந்த எண்ணுக்கு அவ்வளவுதான் பொருள். வசந்தத்தில் அதை அலசி வெளியேற்றினாலும் முதல் இரண்டு வாரத் தேநீரில் லேசான ஒரு தித்திப்பு இருந்துகொண்டே இருக்கும். சர்க்கரையை மிச்சப்படுத்தலாம் என்பது நண்பரின் கட்சி.

ஓட்டைகளுக்குத் திரும்புவோம். குழாய் மாட்டிய ஒவ்வொன்றின் உட்புறத்திலும் சீகாக் என்ற திருகு வால்வு இருக்கிறது. கைப்பிடி குழாயின் போக்கிலேயே நின்றால் திறந்திருக்கிறது, குறுக்காக நின்றால் மூடியிருக்கிறது. குளிர்காலம் முழுக்க அசையாமல் நின்றது அப்படியே பிடித்துக்கொள்ளும். ஒவ்வொன்றையும் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். அடம் பிடித்தால் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைக்க வேண்டும். மேலே மாட்டிய ரப்பர் குழாயை இறுக்கும் கிளிப்புகள் இரண்டிரண்டாக இருக்க வேண்டும். கிளிப் பார்க்கப் பளபளவென்று இருக்கும். திருகாணியின் அடிப்பக்கத்தில் விரலால் தடவினால் துரு ஒட்டும். அதைத் தூக்கி எறிந்துவிடலாம். வால்வு பக்கத்தில் ஒரு கூம்பு மரக்கட்டை நூலில் தொங்கும். எல்லாம் கைவிட்டால் ஓட்டையில் சொருகிச் சுத்தியலால் அடிக்க வேண்டியது அது. கண்ணாடியிழையும் ஜிபிஎஸ்ஸும் வந்த பிறகும் அந்த மரக்கட்டையை வெல்ல ஒன்றும் வரவில்லை.

தொட்டி வடிகாலின் வால்வை நண்பர் கத்தி முனையால் சுரண்டிக் காட்டினார். மஞ்சளாக இருக்க வேண்டிய உலோகம் உள்ளே ரோஜா நிறத்தில் இருந்தது. பழைய சொந்தக்காரர் யாரோ வீட்டுக் குழாய்க்கடையில் பித்தளை வால்வை வாங்கி மாட்டியிருக்கிறார். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். தண்ணீருக்கடியில் துத்தநாகம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போய்விடும். மிஞ்சுவது செம்பு நிறத்தில் ஒரு பஞ்சு. உருவம் அப்படியே இருக்கும், பலம் இருக்காது. சுத்தியலால் லேசாகத் தட்டினார். பிஸ்கட் மாதிரி மூலை உதிர்ந்தது. அந்த இடத்தில் இருக்க வேண்டியது வெண்கலம். அதன் விலை மூன்று மடங்கு என்று முனகிக்கொண்டேதான் வாங்கப் போனார்.

இந்த உலோகச் சண்டை பழைய கதை. 1761-ல் பிரிட்டிஷ் கடற்படை அலார்ம் என்ற போர்க்கப்பலின் அடிப்பகுதி முழுவதும் செப்புத்தகடு அடித்தது, மரத்தைத் துளைக்கும் கப்பற்புழுவைத் தடுக்க. புழு வரவில்லை. பாசியும் சிப்பியும்கூடப் பிடிக்கவில்லை. ஆனால் திரும்பி வந்த கப்பலைப் பார்த்தபோது, செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பாணிகள் அரித்துப் போயிருந்தன. தகடு சுற்றி வந்த பழுப்புத்தாள் தற்செயலாக இடையில் சிக்கிக்கொண்ட இடங்களில் மட்டும் ஆணி தப்பியிருந்தது. இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டபடி தண்ணீரில் கிடந்தால் அது ஒரு மின்கலம் ஆகிவிடுகிறது, இரண்டில் இளைத்தது கரைந்து மற்றதைக் காப்பாற்றுகிறது. இதை முழுதாகப் புரிந்துகொண்டு 1824-ல் ஹம்ஃப்ரி டேவி ஒரு யோசனை சொன்னார்: செப்புத்தகட்டில் சிறுசிறு இரும்பு அல்லது துத்தநாகத் துண்டுகளை வைத்துவிடுங்கள், அவை கரையட்டும், செம்பு பிழைக்கும். அப்படியே செம்பு பிழைத்தது. ஆனால் கப்பல் முழுக்கச் சிப்பி அப்பிக்கொண்டது. செம்பு இத்தனை நாளும் பாசியை விரட்டியது, தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து நஞ்சைக் கசியவிட்டதால்தான். கரைவதை நிறுத்தியதும் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். கடற்படை டேவியின் யோசனையை மூட்டை கட்டி வைத்துவிட்டது.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது, டேவி தோற்ற அந்த இரண்டு பாதிகளும் இன்று ஒரே படகில் பக்கத்துப் பக்கத்தில் வேலை செய்கின்றன என்பது. புரொப்பெல்லர் வெண்கலம், தண்டு துருப்பிடிக்காத எஃகு. அவை அரிக்காமல் இருக்கத் தண்டின்மேல் எலுமிச்சை அளவில் ஓர் உலோகக் கட்டியைக் கவ்வவிடுகிறார்கள்: பலியாவதற்கென்றே வைத்த உலோகம். கடலில் துத்தநாகம். ஏரியில் துத்தநாகம் மேலே பொருக்குப் படிந்து சோம்பேறியாகிவிடும் என்பதால் மக்னீசியம். பாதி கரைந்திருந்தால் மாற்ற வேண்டும். கொஞ்சமும் கரையாமல் புத்தம் புதிதாக இருந்தால் மகிழக்கூடாது. தொடர்பு எங்கோ விட்டுப்போயிருக்கிறது, கரைவது வேறேதோ. ஒவ்வொரு வசந்தத்திலும் புதிதாகப் படகு வாங்கிய யாராவது ஒருவர், அழகாக இருக்கட்டும் என்று அந்தக் கட்டிக்கும் சேர்த்துப் பெயிண்ட் அடித்துவிடுவார். பெயிண்டுக்குள் பூட்டிய கட்டி எதையும் காப்பாற்றாது.

மறுபாதி அடிப்பெயிண்ட். அதில் செம்பு ஆக்சைடு கலந்திருக்கும். திட்டமிட்டே மெல்லக் கரையும்படி செய்தது. ஒன்டாரியோ நன்னீர் ஏரிதானே, என்ன பிடிக்கப்போகிறது என்று கேட்கலாம். பாசி பிடிக்கும். வரிச்சிப்பியும் பிடிக்கும். காஸ்பியன், கருங்கடல் பக்கத்துச் சிப்பி அது. சரக்குக் கப்பல்கள் பாரத்துக்கு நிரப்பி வந்த தண்ணீரில் பயணம் செய்து, 1988-ல் செயின்ட் கிளேர் ஏரியில் முதலில் கண்ணில் பட்டது. இன்று பேரேரிகள் ஐந்திலும் இருக்கிறது. பழைய பெயிண்டைத் தேய்க்கும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்கும் ஆகாது, மண்ணுக்கும் ஆகாது. ஈரம் வைத்துத் தேய்ப்பது, முகமூடி, கீழே விரிப்பு, மூன்றும் கட்டாயம். நண்பர் இரண்டு மணி நேரம் தேய்த்துவிட்டு நீலச் சாயத்தில் விழுந்த நரி மாதிரி எழுந்து வந்தார்.

தேய்க்கும் சாக்கில்தான் உடம்பைப் பரிசோதிப்பது. கண்ணாடியிழையில் சிறு கொப்புளங்கள் இருக்கிறதா? இருந்தால், குத்தும்போது காடி வாசம் அடிக்கும் நீர் வடியும். பிசினுக்குள் தண்ணீர் ஊறிப்போயிருக்கிறது என்று பொருள். கீலும் அடிப்பகுதியும் சேரும் கோட்டில் முன்பக்கமாக ஒரு விரிசல் வளைந்து தெரிகிறதா? இங்கே அதைச் சிரிப்பு என்பார்கள். ஊரில் தோணி கட்டுகிறவர்கள் ஏரா என்பது மரக்கலத்தோடு ஒன்றாகப் பிறந்த அடிமரம். இந்தப் படகின் கீலோ தனியாக வார்த்து, போல்ட் போட்டு முடுக்கிய ஈயம். குளிர்காலம் முழுக்கப் படகின் பாரம் தொட்டிலில் அதன் மேல் இறங்குகிறது, தூக்கியதும் அதுவே கீழே தொங்கி இழுக்கிறது. மயிரிழைச் சிரிப்பு என்றால் சுரண்டிப் பூசிவிடலாம். பல் தெரியச் சிரித்தால் உள்ளே போல்ட்டுகளைப் பார்க்காமல் ஏரியில் இறக்கக்கூடாது.

நண்பரின் பாட்டனார் பலகை இடுக்கில் பஞ்சு திணித்துக் கலப்பத்துப் பார்த்தவராம். மரக்கலம் கரையில் காய்ந்தால் பலகை சுருங்கி இடுக்கு விரியும். தண்ணீரில் போட்டால் முதலில் ஒழுகும், பிறகு பலகை ஊறித் தானே அடைத்துக்கொள்ளும். “மரம் மன்னிக்கும் தம்பி. இந்தப் பிளாஸ்டிக் மன்னிக்காது” என்றார். கண்ணாடியிழை எந்த ஓட்டையையும் தானாக அடைத்துக்கொள்வதில்லை.

எஞ்சினில் ஒரே ஒரு பொருளை மட்டும் கிட்டத்தில் காட்டுகிறேன். எண்ணெய் மாற்றுவது, டீசல் வடிகட்டி மாற்றுவது எல்லாம் லாரிக்கும் டிராக்டருக்கும் உள்ளதுதான். படகுக்கே உரியது இம்பெல்லர்: உள்ளங்கையில் அடங்கும் கறுப்பு ரப்பர் சக்கரம், ஆறு இதழ். ஏரியிலிருந்து தண்ணீரை உறிஞ்சி எஞ்சினுக்குள் தள்ளுவது அதுதான். அதன் கூடு வேண்டுமென்றே ஒருபக்கம் ஒடுக்கமாக இருக்கும்; இதழ் அங்கே மடிந்து நிமிரும்போது தண்ணீர் தள்ளப்படும். ஆறு மாதம் மடிந்தே கிடந்த இதழ் மடிந்தபடியே இறுகிப்போகும். தண்ணீரே அதற்கு மசகு என்பதால், வால்வைத் திறக்க மறந்து எஞ்சினை ஓட்டினால் சொற்ப நேரத்தில் கருகிவிடும். மூடியின் ஆறு திருகைக் கழற்றி நான் வெளியே எடுத்த இம்பெல்லரில் ஐந்து இதழ்தான் இருந்தது. புதியதைப் போட்டுவிடலாமே என்றேன். நண்பர் அசையவில்லை. ஆறாவது எங்கே? அது எங்கோ போய்த்தான் இருக்கிறது, போன இடத்தில் தண்ணீரை அடைத்துக்கொண்டிருக்கும். ஒரு மணி நேரம் குழாய் குழாயாகக் கழற்றி, ஒரு முழங்கை வளைவில் அது குப்புறக் கிடந்ததைக் குறடால் பிடித்து எடுத்த பிறகுதான் சாப்பிட விட்டார்.

மின்கலம், பாய் இரண்டையும் விரைவாகச் சொல்லிவிடலாம். ஈய-அமில பாட்டரி முழுசாகச் சார்ஜ் ஏறியிருந்தால் மைனஸ் 50 டிகிரிக்குக் கீழேதான் உறையும். வெறுமையாகக் கிடந்தால் சாதாரணக் குளிரிலேயே உறைந்து வெடித்துவிடும். பாய்த்துணியைவிட முதலில் இற்றுப்போவது அதன் தையல் நூல், வெயிலால். நகத்தால் கீறிப் பார்க்க வேண்டும்.

பாய்மரம் வேறு மாதிரி அக்கறை கேட்கும். குளிர்காலத்தில் அதைக் கழற்றிப் படுக்கவைத்து விடுகிறார்கள். அதைத் தாங்கும் கம்பிகளும் திருகுகளும் கண்ணுக்கெதிரே இருக்கும் நேரம் இது ஒன்றுதான். நிறுத்தியபின் பார்க்க வேண்டுமென்றால் முப்பதடி உயரத்தில் தொங்க வேண்டும். பத்தொன்பது இழை முறுக்கிய எஃகுக் கம்பியின்மேல் காகிதக் கைக்குட்டையை வைத்து நெடுக இழுத்தால், முறிந்த இழை ஒன்று இருந்தாலும் கொக்கி போலக் காகிதத்தைப் பிடித்துக் கிழிக்கும். முறிவது பெரும்பாலும் கம்பி கீழ்முனைக் குப்பிக்குள் நுழையும் இடத்தில். துருப்பிடிக்காத எஃகுக்கு அந்தப் பெயர் அதன்மேல் படியும் குரோமியம் ஆக்சைடு என்ற மெல்லிய தோலால் வந்தது. அந்தத் தோல் ஆக்சிஜன் இருக்கும்வரை தானே வளர்ந்து காயத்தை மூடிக்கொள்ளும். குப்பிக்குள் தேங்கிய தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துவிட்டால் தோல் வளராது. வெளியே மின்னும், உள்ளே அரிக்கும். குப்பியின் கழுத்தில் காபிக் கறை போல ஒரு கோடு தெரிந்தால் அந்தக் கம்பியின் காலம் முடிந்தது.

இந்தக் கம்பிகள் அனைத்தும் கடைசியில் நம்பி நிற்பது, திருகு தளராமல் தடுக்கும் பிளவு ஊசிகளை. சில காசு விலை. அவற்றில் ஒன்று விழுந்தால் திருகு அவிழும், திருகு அவிழ்ந்தால் மரம் சாயும். நண்பர் பழையதை நிமிர்த்தி மறுபடி போட விடுவதே இல்லை.

பாரந்தூக்கி மரத்தைத் தூக்கிப் பிடித்திருக்கும்போது அதன் அடியில் ஒரு நாணயம் வைக்க வேண்டும் என்பது மாலுமிகளின் பழைய வழக்கம். 1962-ல் லண்டன் தேம்ஸ் நதிச் சேற்றில், பிளாக்ஃபிரையர்ஸில், ஒரு ரோமானியக் காலக் கப்பல் கிடைத்தது. அதன் மரக்குழியில் டொமிஷியன் பேரரசரின் நாணயம் ஒன்று இருந்தது. மறுபக்கத்தில் கையில் சுக்கானுடன் அதிர்ஷ்ட தேவதை. நண்பர் வைப்பது இலங்கை ஒரு ரூபாய். கனடா டாலர் உதவாதா என்றேன். ராணி நீந்த மாட்டா என்றார்.

மே முதல் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பாரந்தூக்கி வந்தது. இரண்டு அகலப் பட்டைகள் படகின் வயிற்றைச் சுற்றி இறுகின. தொட்டிலின் நான்கு தாங்குகட்டைகள் இத்தனை நாளும் மறைத்திருந்த இடங்களில் பெயிண்ட் இல்லாத சதுரங்கள். படகு அந்தரத்தில் நிற்கும் அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் நான் உருளையோடு அடியில் ஓடி அவற்றைப் பூசினேன். பிறகு இறங்கியது. மிதந்தது. ஆனால் பட்டையைத் தளர்த்தவில்லை. நண்பர் டார்ச்சுடன் உள்ளே குதித்தார். வரிசையில் இன்னும் முப்பது படகு காத்திருக்க, பாரந்தூக்கிக்காரர் கைகட்டி நின்றார். எவ்வளவு அவசரமானாலும் அந்த ஐந்து நிமிடத்தை யாரும் யாரிடமிருந்தும் பறிப்பதில்லை. ஓட்டை ஒன்றொன்றாக விரலால் தடவிக்கொண்டு போனார். ஒன்பதுவரை காய்ந்திருந்தது. பத்தாவது புரொப்பெல்லர் தண்டு.

அது மட்டும் ஒழுகியே ஆக வேண்டும். சுழலும் தண்டைச் சுற்றிக் கொழுப்பில் ஊறிய நார்க்கயிற்றை வளையமாகத் திணித்து ஒரு நட்டால் அமுக்கியிருக்கும். ரொம்ப இறுக்கினால் கயிறு சூடேறிக் கருகித் தண்டைத் தின்னும். தளர்த்தினால் படகு நிரம்பும். ஓடும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு, நின்றால் சொட்டக்கூடாது, அல்லது எப்போதாவது ஒன்று. பட்டையைக் கழற்றிவிட்டுத் துறையில் கட்டியதும் எஞ்சினைக் கிளப்பினோம். பின்னால் புகைக்குழாயிலிருந்து தண்ணீர் துப்பும் சத்தம் வந்தது. ஆறு இதழும் வேலை செய்தன. கியரைப் போட்டுவிட்டு நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், அவர் சொட்டை எண்ணினார்.

“பதினொண்டு.”

நட்டில் கால் சுற்று. மறுபடி எண்ணிக்கை. ஆறு. இன்னும் ஒரு நூல். நாலு.

“காணும்” என்றார்.

அன்றிரவு அவர் வீட்டுக்குப் போகவில்லை. படகிலேயே படுத்தார். படுக்கும் முன் பழைய தமிழ்ப் பத்திரிகை ஒன்றைக் கிழித்து, பத்து ஓட்டைக்கும் கீழே ஒவ்வொரு துண்டு விரித்து வைத்தார். காலையில் போன் வந்தது. ஒன்பது துண்டு காய்ந்திருந்ததாம். தண்டுக்குக் கீழே இருந்தது மட்டும், அரை ரூபாய் வட்டத்துக்கு நனைந்திருந்ததாம்.